டிரிப் ஆன எலிவேட்டரை நான்கு முறை தட்டி ஓட்டியதில் என்ன நடந்தது: ஓர் அலாரப் பதிவின் ஆய்வு

பெல்ட்டில் கோத்த பக்கெட்டுகளால் தானியத்தை அள்ளி மேலே ஏற்றும் எலிவேட்டர் இது. வேக சென்சார் சரியான நேரத்தில் அதைத் தானாக நிறுத்தியது, அதாவது டிரிப் ஆக்கியது. பெல்ட் கருகியது அதற்குப் பிறகுதான். அலாரம் இருந்தும் ஏன் கருகியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இது எந்த ஆலையின் விபத்து அறிக்கையும் அல்ல. பக்கெட் எலிவேட்டரின் பாதுகாப்பு அலாரங்கள் எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதைக் கணக்கோடு பார்ப்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. எந்திரத்தின் அளவுகள் நடுத்தர ஆலை ஒன்றில் இருக்கக்கூடியவை. கோளாறுகள் எலிவேட்டர் பராமரிப்பில் இருப்பவர்களுக்குப் பழகியவை. பொதுப் பதிவில் உள்ள உண்மை விபத்துகளைச் சொல்லும் இடங்களில் ஊரும் தேதியும் கொடுத்திருக்கிறோம்.

எந்திரம்

கோதுமை ஏற்றும் பெல்ட் வகை எலிவேட்டர். மணிக்கு 100 டன், 35 மீட்டர் உயரம். மேலே 630 மி.மீ. விட்டமுள்ள ஹெட் புல்லி, அதன்மேல் 10 மி.மீ. ரப்பர் லேக்கிங் (பெல்ட் வழுக்காமலிருக்கப் புல்லியைச் சுற்றிய உறை). கீழே பூட்டில் (boot, எலிவேட்டரின் அடிப்பெட்டி) 500 மி.மீ. டெயில் புல்லி. பெல்ட் அகலம் 350 மி.மீ., வேகம் விநாடிக்கு 2.62 மீட்டர். அந்த வேகத்தில் ஹெட் புல்லி நிமிடத்துக்கு 77 சுற்றும், டெயில் புல்லி 100 சுற்றும் சுற்றும். மோட்டார் 15 கிலோவாட், முழுச் சுமையில் 28 ஆம்பியர். வழக்கமான ஓட்டத்தில் 20 ஆம்பியர் எடுக்கும்.

பொருத்தியிருந்த சென்சார்கள்: டெயில் ஷாஃப்டில் ஒரு வேக சென்சார். ஹெட்டிலும் பூட்டிலும் இருபுறமும் பெல்ட் விலகலைப் பார்க்கும் பித்தளை உரசு கட்டைகள், உள்ளே வெப்ப முனையோடு, மொத்தம் நான்கு. நான்கு பேரிங்குகளிலும் வெப்ப முனை. வெளியேற்றுக் குழாயில் அடைப்பைக் காட்டும் கெப்பாசிட்டிவ் சென்சார் ஒன்று. பட்டியலைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதிவில் இருந்தவை

இரவு 2.10 மணிக்கு எலிவேட்டருக்கு அடுத்த கன்வேயரின் கேட் பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டது. வெளியேற்றுக் குழாய் நிரம்பி, தானியம் இறங்கு கால் (பெல்ட் கீழே இறங்கும் பக்கத்துக் குழல்) வழியாகப் பூட்டுக்கே திரும்பி விழத் தொடங்கியது. இதை முதலில் சொல்ல வேண்டியது அடைப்பு சென்சார். அதன் முகத்தில் தூசி ஏடு கட்டி, குழாய் காலியாக இருந்தபோதும் 'அடைப்பு' என்றே காட்டிக்கொண்டிருந்ததால், பேனலில் ஒரு வயர் துண்டைப் போட்டு அதை முன்பே ஊமையாக்கியிருந்தார்கள்.

2.14: மோட்டார் 20 ஆம்பியரிலிருந்து 27-க்கு ஏறியது.

2.15.10: டெயில் புல்லி 90 சுற்றுக்கு இறங்கியது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆனால் அந்த எச்சரிக்கைக்கும் உள்ளே தானியம் கொட்டும் ஃபீட் கன்வேயருக்கும் இணைப்பே இல்லை. ஃபீட் தொடர்ந்தது.

2.15.40: 80 சுற்றைத் தொட்டதும் டிரிப். எலிவேட்டர் நின்றது.

2.17 முதல் 2.21 வரை: ரீசெட், ஸ்டார்ட், மீண்டும் ரீசெட், ஸ்டார்ட். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் சுமார் 25 விநாடி மோட்டார் ஓடியது. டெயில் சென்சாரிலிருந்து ஒரு பல்ஸ்கூட (புல்லி சுற்றுவதைக் காட்டும் மின்துடிப்பு) வரவில்லை. பேனல் நான்கு முறையும் 'ஸ்டார்ட் ஆகிறது' என்றே காட்டியது.

2.34: பூட்டின் அடிக்கதவைத் திறந்து கொஞ்சம் தானியத்தை வழித்துவிட்டு ஐந்தாவது முறை ஸ்டார்ட். பெல்ட் நகர்ந்து, டெயில் 100 சுற்றுக்கு வந்தது. பேனலில் எல்லாமே பச்சை.

2.58: ஹெட் தளத்தில் ரப்பர் கருகும் வாடை. கையால் நிறுத்தினார்கள். நன்றாக ஆறிய பிறகு பார்த்தபோது லேக்கிங் முழுச் சுற்றும் கண்ணாடிபோல் மினுமினுத்தது. ஓர் ஓரம் உரிந்திருந்தது. பெல்ட்டில் ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு, ரப்பர் கருகி விரிசல் விட்டிருந்தது. தீ இல்லை, வெடிப்பு இல்லை. 2.34-லிருந்து 2.58 வரை 24 நிமிடம் அந்தக் கருகிய துண்டு தூசி மேகத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

நான்கு ஸ்டார்ட்டிலும் டிரிப் ஆகாதது ஏன்

எலிவேட்டர் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது வேகம் பூஜ்யம். அந்த நேரத்தில் சென்சாரை நம்பினால் எந்திரம் எப்போதுமே கிளம்பாது. அதனால் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளுக்கு வேக டிரிப்பைக் கண்டுகொள்ளாமல் விடும் டைமர் ஒன்று இருக்கும். இந்த எலிவேட்டர் முழு வேகத்துக்கு வர எடுப்பது 4 விநாடி. டைமரில் வைத்திருந்ததோ 30 விநாடி. சுமையோடு கிளம்பும்போது வீணாக டிரிப் ஆகிறது என்று யாரோ கூட்டிவைத்தது அப்படியே நின்றுவிட்டிருக்கும்.

ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் டைமர் புதிதாக எண்ணத் தொடங்கும். 25 விநாடி ஓட்டி நிறுத்தினால் சென்சார் விழிக்கவே விழிக்காது. எத்தனை முறை தட்டினாலும் அப்படித்தான். சென்சார் பழுதாகவில்லை, வயர் அறுபடவில்லை. டைமர் கொடுத்த 30 விநாடிச் சலுகைக்குள் நான்கு தட்டும் அடங்கிவிட்டன.

இங்கேதான் ஒரு விதியை நினைவில் வைக்க வேண்டும். 1977 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து வெஸ்ட்வீகோவில் தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் இறந்தார்கள். அதே மாதத்தில் டெக்சஸ் மாநிலத்து கால்வெஸ்டனிலும் ஒரு கிடங்கு வெடித்தது. அடுத்த பத்தாண்டில் வந்த அந்நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்பு விதி 1910.272, அடைத்துக்கொண்ட எலிவேட்டரை ஸ்டார்ட்-ஸ்டாப் என்று தட்டித் தட்டி விடுவிக்கக் கூடாது என்று நேரடியாகவே தடை செய்கிறது. 2011 அக்டோபர் 29 அன்று கான்சாஸ் மாநிலத்து ஆச்சிசனில் 6 பேரைக் கொன்ற வெடிப்புக்குப் பிறகு, அந்தப் பாதுகாப்புத் துறை சுமத்திய மீறல்களின் பட்டியலில் இந்தத் தட்டி ஓட்டும் வழக்கமும் இருந்தது. விதி எழுதி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் இந்தப் பழக்கம் ஒரு குற்றப்பட்டியலில் இடம்பெறுகிறது. ஆகவே ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, பேனலே இதை அனுமதிக்கக் கூடாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

நூறு விநாடியில் எவ்வளவு சூடு

பெல்ட் அசையாமல் நிற்க, ஹெட் புல்லி அதன்மேல் உரசிக்கொண்டு சுற்றுகிறது. தானியத்தை மேலே தூக்கப் போக வேண்டிய சக்தி முழுவதும் உரசலாக மாறுகிறது. புல்லியில் அது 13 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு முறை, 25 விநாடி வீதம் 100 விநாடி: மொத்தம் 1,300 கிலோஜூல்.

இதில் பாதி லேக்கிங்குக்கும் பாதி பெல்ட்டுக்கும் போகிறது என்று எடுத்தால், லேக்கிங்கின் பங்கு முழுச் சுற்றிலும் பரவும். பெல்ட்டின் பங்கு பரவாது. பெல்ட் நிற்கிறது, புல்லியைத் தொட்டிருக்கும் ஒரு மீட்டர் துண்டு மட்டும் அத்தனை சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. ரப்பரில் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். 100 விநாடியில் சுமார் 3 மி.மீ. ஆழம். ஒரு மீட்டர் நீளம், 350 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம் என்றால் அந்த ரப்பரின் எடை சுமார் 1.2 கிலோ. 650 கிலோஜூலை அதில் இறக்கினால் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 280 டிகிரி உயரும். இடைவெளிகளில் கொஞ்சம் ஆறும், ஓரங்களில் கொஞ்சம் கசியும். ஆகவே இது மேல் எல்லைக் கணக்கு. ஆனால் உரசும் மேற்பரப்பு சராசரியைவிட எப்போதும் அதிகச் சூட்டில் இருக்கும். படிந்து கிடக்கும் தானியத் தூசி 200 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே கனியத் தொடங்கும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த 13 கிலோவாட் மோட்டாரின் 15 கிலோவாட்டுக்குள் அடங்குகிறது. மோட்டாருக்கு இது சாதாரண வேலை. 27 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஓவர்லோடு ரிலே ஏன் விழவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ரப்பர் இளகி வழுக்கத் தொடங்கினால் ஆம்பியர் இன்னும் குறையும். ஓவர்லோடு ரிலே மோட்டாரின் சுருளைக் காப்பதற்கு வைத்தது. பெல்ட் நழுவலுக்கு அதை நம்பக் கூடாது.

பேரிங் வெப்ப முனையும் இதைப் பார்க்கவில்லை. ஹெட் பேரிங் 48 டிகிரியிலிருந்து 61-க்கு ஏறியிருந்தது. அலாரம் வைத்திருந்தது 80-ல். பேரிங் உறைக்கு வெளியே இருக்கிறது. லேக்கிங்கின் சூடு புல்லி ஓடு, பக்கத் தட்டு, ஹப், ஷாஃப்ட் எல்லாம் கடந்து அங்கே வந்து சேர நெடுநேரம் ஆகும். பெல்ட் நழுவுவதைக் கண்டுபிடிக்க உண்மையில் ஒரே வழிதான் இருக்கிறது: ஓட்டும் புல்லியையும் ஓட்டப்படும் புல்லியையும் ஒப்பிடுவது. ஹெட் ஷாஃப்டிலோ மோட்டாரிலோ மட்டும் வேக சென்சார் வைத்திருக்கும் எலிவேட்டரில், பெல்ட் எரிந்துகொண்டிருந்தாலும் சென்சார் 'முழு வேகம்' என்றே சொல்லும். இந்த எந்திரத்தில் குறைந்தபட்சம் அந்தத் தவறு இல்லை.

மாற்றிய அமைப்பு

முதலில் டைமர். 30 விநாடியை 7 ஆக்க வேண்டும்: முழு வேகத்துக்கு வர 4, அதற்கு மேல் 3. அதுவும் போதாது. டெயில் ஷாஃப்டில் நான்கு துளையுள்ள தட்டு இருந்தால் 100 சுற்றில் 150 மில்லிவிநாடிக்கு ஒரு பல்ஸ் வரும். பாதி வேகத்தில் 300 மில்லிவிநாடிக்கு ஒன்று. ஆகவே ஸ்டார்ட் செய்து 2 விநாடிக்குள் ஒரு பல்ஸ்கூட வராவிட்டால் பெல்ட் சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போதே நிறுத்த வேண்டும். ஒரே ஒரு போல்ட் தலையை இலக்காக வைத்திருந்தால் முழு வேகத்திலேயே 600 மில்லிவிநாடிக்கு ஒன்றுதான் வரும். நழுவலைக் கணிக்கத் தாமதமாகும். நான்கு துளைத் தட்டுக்கு ஆகும் செலவு சொற்பம்.

அடுத்தது ரீசெட். நழுவல் டிரிப்பைப் பொத்தானால் ரீசெட் செய்ய விடக் கூடாது, சாவி வேண்டும். சாவி ஷிப்ட் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். ஒரு நழுவல் டிரிப்புக்குப் பிறகு ஒரே ஒரு ஸ்டார்ட்தான். அதுவும் டிரிப் ஆனால், பூட் கதவும் ஹெட் பார்வைக் கதவும் திறந்து மூடப்பட்டதைக் கதவு சுவிட்சுகள் காட்டினால் ஒழிய பேனல் அடுத்த ஸ்டார்ட்டைத் தரக் கூடாது. பேனலில் செய்யும் மாற்றங்களில் மிகவும் பயன் தருவது இதுதான்.

வேக எல்லைகளை மாற்றவில்லை. 10 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை, 20 சதவீதம் குறைந்தால் டிரிப் என்பது நல்ல அமைப்பு, 1910.272 விதியும் 20 சதவீதத்துக்கு மேல் குறைய விடாமல் நிறுத்தச் சொல்கிறது. மாற்றியது அந்த 10 சதவீத எச்சரிக்கையின் வேலையை. விளக்கு மட்டும் எரிந்தால் போதாது, ஃபீட் கன்வேயர் அந்த நொடியே நிற்க வேண்டும். எலிவேட்டரும் அதற்கு அடுத்த கன்வேயரும் ஓடட்டும். உள்ளே இருப்பது காலியாகும். மாதிரி நிகழ்வில் எச்சரிக்கைக்கும் டிரிப்புக்கும் நடுவே 30 விநாடி இருந்தது. மணிக்கு 100 டன் என்றால் அந்த 30 விநாடியில் 830 கிலோ பூட்டுக்குள் கொட்டியிருக்கிறது.

வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்திய எலிவேட்டராக இருந்தால், டிரிப் எல்லை நிலையான 80 சுற்றாக இருக்கக் கூடாது. டிரைவ் கேட்கும் வேகத்தோடு டெயிலின் வேகத்தை ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறைத்து ஓட்டும்போதெல்லாம் வீண் டிரிப் வரும். அப்புறம் அதற்கும் ஒரு வயர் துண்டு விழும்.

சென்சாரைப் பிடிக்கும் பிராக்கெட்டில் ஒரு கவனம். பெல்ட்டை இறுக்கும் ஸ்க்ரூ பூட்டில் இருந்தால், இறுக்கும்போதெல்லாம் டெயில் ஷாஃப்ட் இடம் மாறும். உறையில் பிராக்கெட்டை வெல்ட் செய்திருந்தால் சென்சாருக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடி, ஒருநாள் பல்ஸ் விட்டுப்போகும். பிராக்கெட் பேரிங் ஹவுசிங்கோடு சேர்ந்து நகர வேண்டும். இடைவெளியைச் சென்சாரின் குறிப்பிட்ட தூரத்தில் பாதியாக வையுங்கள். ஒட்டுப்பசையில் நிற்கும் காந்த இலக்குகளை நம்ப வேண்டாம்.

வயரிங் முழுவதும் மின்சாரம் போனால் டிரிப் ஆகும் முறையில் இருக்க வேண்டும். கேபிளை எலி கடித்தாலும், கனெக்டர் கழன்றாலும், எந்திரம் நிற்க வேண்டும். எலிவேட்டர் உறையின் உட்புறம் தூசி மேகம் எப்போதும் இருக்கும் இடம், அதாவது ஜோன் 20. உள்ளே நுழையும் எந்த முனையும் அந்த இடத்துக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பெல்ட் மாற்றும்போது மின்கடத்தும் வகைதானா என்பதையும் பாருங்கள்: மேற்பரப்பு மின்தடை 300 மெகா ஓமுக்கு மேல் போகக் கூடாது.

விலகல் அலாரமும் பேரிங்கும்

இந்த நிகழ்வில் இவை இரண்டும் முன்னுக்கு வரவில்லை, ஆகவே சுருக்கமாக. பித்தளைக் கட்டைகளை பெல்ட் புல்லியை நெருங்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். புல்லியைத் தாண்டிய பிறகு வைத்தால் விலகல் தாமதமாகத் தெரியும். கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால், அலாரம் அடிக்காமலேயே பெல்ட் நெடுநாள் உரசியிருக்கிறது என்று பொருள். அப்போது கட்டையை மட்டும் மாற்றிவிட்டுப் போகாமல் ஹெட் ஷாஃப்டின் மட்டத்தையும் பெல்ட் இணைப்பின் நேர்த்தியையும் பாருங்கள்.

பேரிங்குக்கு நிலையான 80 டிகிரி எல்லையோடு, சுற்றுப்புற வெப்பத்தைவிட எவ்வளவு கூடுதல் என்ற இரண்டாவது எல்லையும் வேண்டும். குளிர் இரவில் 61 டிகிரி என்பது வெயில் பகலில் 61 அல்ல. எலிவேட்டரோடு நின்றுவிடவும் கூடாது. 1998 ஜூன் 8 அன்று கான்சாஸ் மாநிலத்து ஹேஸ்வில்லில் 7 பேரைக் கொன்ற வெடிப்பில், தீப்பொறிக்கு வாய்ப்புள்ள இடமாக விசாரணைக் குழு சுட்டியது எலிவேட்டரை அல்ல. சைலோக்களுக்குக் கீழே சுரங்க வழியில் ஓடிய கன்வேயரின் ஒரு ரோலர். பேரிங் இறுகி ரோலர் நின்றுபோக, பெல்ட் அதன்மேல் உரசிக்கொண்டே ஓடியது. எலிவேட்டருக்குத் தானியம் கொண்டுவரும் கன்வேயர்களின் ரோலர்களும் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் சென்சார் முடியாதென்றால், வாரம் ஒருமுறை ஓட்டத்தில் இருக்கும்போதே கை வெப்பமானியால் காவல் தட்டிக்கு வெளியிலிருந்து அளந்து எழுதிவையுங்கள்.

அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது

டிரிப் ஆன கணத்தில் ஏறு காலில் உள்ள பக்கெட்டுகளில் மட்டும் சுமார் 370 கிலோ தானியம் தொங்குகிறது. பின்னோக்கிச் சுழல விடாத பேக்ஸ்டாப் பழுதாக இருந்தால் அத்தனையும் பூட்டில் வந்து கொட்டி அடைப்பை இன்னும் இறுக்கும். ஆகவே முதலில் ஃபீட் கேட்டை மூடுங்கள். பிறகு வாடை, புகை, ஹெட் உறையின் சூடு ஆகியவற்றை வெளியிலிருந்து பாருங்கள்.

புகையோ கருகல் வாடையோ இருந்தால் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று உள்ளே போகும், தூசி கிளம்பும். கனிந்துகொண்டிருப்பது வெடிப்பாக மாற அதுவே போதும். மின்சாரத்தைத் துண்டித்து, எல்லோரையும் கட்டடத்திலிருந்து வெளியேற்றி, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவும் கூடாது. அது படிந்த தூசியை மேகமாக்கும். மாதிரி நிகழ்வில் 2.58-க்குப் பிறகு கதவைத் திறக்காமல் ஆற விட்டது, அந்த இரவில் சரியாகச் செய்த சில காரியங்களில் ஒன்று.

அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஐசலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே கை வைப்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் எடைகாரணமாகத் தானாக நகராமல் இருக்கிறதா என்று உறுதிசெய்தபின் பூட்டின் அடிக்கதவைத் திறந்து முழுவதும் வழித்தெடுங்கள். பாதி வழித்துவிட்டு 'மீதியை எலிவேட்டரே அள்ளும்' என்று விடுவதுதான் இரண்டாவது அடைப்புக்குக் காரணம். அடுத்து மேலே ஏறி ஹெட் பார்வைக் கதவு வழியாக லேக்கிங்கைப் பாருங்கள். மினுமினுப்பு, உரிந்த ஓரம், பெல்ட்டின் உட்புறத்தில் கருகல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பெல்ட் சான்று இல்லாமல் ஓடக் கூடாது. 2.34-க்கு ஐந்தாவது ஸ்டார்ட் கொடுக்கும் முன் யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

சோதனை, பைபாஸ்

வேக சென்சாரை மாதம் ஒருமுறை காலி ஓட்டத்தில் சோதியுங்கள். டிரைவ் இருந்தால் சென்சார் ஒப்பிடும் எல்லையை மாற்றாமல் வேகத்தை 78 சதவீதத்துக்கு இறக்கி டிரிப் வருகிறதா பாருங்கள். டிரைவ் இல்லாவிட்டால் சென்சார் கேபிளைக் கழற்றினாலே எந்திரம் நிற்க வேண்டும். ஸ்டார்ட் டைமரைத் தனியாகச் சோதிக்க வேண்டும்: கேபிளைக் கழற்றிய நிலையில் ஸ்டார்ட் கொடுத்து, எத்தனை விநாடியில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். அந்த ஒரு எண்ணை மாதாமாதம் எழுதியிருந்தால் 30 விநாடி என்பது முதல் மாதமே கண்ணில் பட்டிருக்கும். வெப்ப முனைகளை எந்திரம் நின்று தூசி நீக்கிய பிறகு கழற்றி, 85 டிகிரி தண்ணீரில் நனைத்துச் சோதிக்கலாம். அப்போது பேனலில் எந்த முனையின் பெயர் வருகிறது என்பதையும் சரிபாருங்கள். ஹெட் வலதும் பூட் இடதும் மாறி இணைத்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.

கடைசியாக, அந்த வயர் துண்டு. அடைப்பு சென்சார் பொய் சொன்னதற்குக் காரணம் தூசி ஏடு. அதற்கு மருந்து, முகம் குழாய்ச் சுவரோடு சமமாக இருக்கும்படி, தானியம் உராய்ந்து ஓடித் தானாகத் துடைக்கும் இடத்துக்குச் சென்சாரை மாற்றுவது. அல்லது டயஃப்ரம் சுவிட்ச் (தானியம் அழுத்தினால் இயங்குவது) போடுவது. பைபாஸ் தவிர்க்கவே முடியாத நேரத்தில் அது சாவி சுவிட்சாக இருக்கட்டும்: போட்டவரின் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும், ஒரு ஷிப்ட் முடிந்ததும் தானாக விலக வேண்டும், விலகும்வரை ஃபீட் பாதி அளவில்தான் ஓட வேண்டும். பாதி அளவில் ஓடும் ஆலையில் அந்த சென்சாரைச் சரிசெய்ய ஆள் சீக்கிரம் கிடைப்பார்.